டைரக்டரியை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்

சிறிய ஊர்களில் வணிக டைரக்டரி அச்சடித்துப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக அச்சை நிறுத்திவிட்டு ஆன்லைன் விளம்பரத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து அப்படி ஒருவர், ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "அக்கா, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். படிக்கப் படிக்க எனக்கு வயிறு கலங்கியது. கிட்டத்தட்ட அதே வரிகள் இருந்த காகிதத்தில்தான் 2021-இல் நானும் கையெழுத்துப் போட்டேன். அதில் என் சேமிப்பு போனது, நகை அடகுக்குப் போனது. அப்பா காலத்திலிருந்து எங்களை நம்பிய கடைக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது எல்லாவற்றையும்விட வலித்தது. அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் பணக் கணக்கு உட்பட முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் டைரக்டரி காரைக்குடி, தேவகோட்டை, சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்கள் ஆகியவற்றுக்கானது. அப்பா செக்காலை ரோடு பக்கம் ஒரு சிறிய அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ்தான் தொழில். தொலைபேசித் துறையைத் தவிர வேறு யாராவது போன் நம்பர் போட்டுப் புத்தகம் போடலாமா என்ற பயம் அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது. 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மஞ்சள் பக்கங்கள் என்ற வணிக டைரக்டரி ஒரு விளம்பரத் தொகுப்பு, அது பேச்சுரிமைக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்பா அதைச் செய்தித்தாளில் படித்து, அந்தப் பக்கத்தைக் கத்தரித்தே வைத்திருந்தார். அடுத்த வருஷமே எங்கள் முதல் பதிப்பு வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு பதிப்பு. 2014-இல் அப்பா தவறிய பிறகு நான் ஒருத்தியாக நடத்தினேன்.

இந்தப் புத்தகத்தை யார் பயன்படுத்தினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. காரைக்குடிக்காரர்கள் பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பைத் தேட டைரக்டரியைப் புரட்ட மாட்டார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் கூட்டமாக வருவார்கள். வருவதற்கு இரண்டு மாதம் முன்பே ஓடு மாற்ற ஆள் வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், பந்தல் போட வேண்டும், சமையலுக்கு மாஸ்டர் வேண்டும், நாயனம் வேண்டும், வேன் வேண்டும். அத்தனையையும் அவர்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டே, எங்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது கையோடு இரண்டு பிரதி எடுத்துப் போவார்கள், ஒன்று தங்களுக்கு, ஒன்று அண்ணன் தம்பி வீட்டுக்கு. ஆக, எங்கள் விளம்பரத்தில் நல்ல பாதி உள்ளூருக்கான விளம்பரமே இல்லை. அதைப் பார்த்தவர்கள் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள்.

புத்தகத்தின் மதிப்பு இன்னொன்றிலும் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு நம்பரையும் அடித்துப் பார்ப்போம். அப்பாவிடம் கேன்வாசிங் பார்த்த மாமா ஒருவர் டிவிஎஸ் 50-யில் ஊர் ஊராகப் போவார். கடை இருக்கிறதா, கை மாறிவிட்டதா, மகன் பெயருக்குப் போய்விட்டதா என்று நேரில் பார்த்துக் குறித்து வருவார். தப்பான நம்பர் அச்சாகிவிட்டால் அது இரண்டு வருஷம் அப்படியே நிற்கும், திருத்த வழியில்லை. அதனால் அந்தக் கவனம். சிவகாசியில் அச்சு, அங்கேயே பைண்டிங். முழுப்பக்கம் 12,000, கால்பக்கம் 3,500, தடித்த எழுத்தில் ஒரு வரி 500 ரூபாய் என்று வாங்கினோம். பெரிய லாபம் இல்லை. ஆனால் மரியாதையான தொழில்.

சரிவு மெதுவாகத்தான் வந்தது. 2014-இல், கடை விவரத்தைக் கூகுளிலேயே போடும் கூகுள் மை பிசினஸ் வந்தபோது எங்கள் ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு கேன்வாசிங் போன இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: "எல்லாம் போன்லயே வருதும்மா, புக்கு எதுக்கு?" அப்புறம் 04565 என்று தொடங்கும் லேண்ட்லைன்களைக் கடை கடையாகச் சரண்டர் செய்தார்கள். நாங்கள் வருஷக்கணக்காகச் சரிபார்த்து வைத்த நம்பர்கள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தன. 2017-இல் ஜிஎஸ்டி. என் வரவு, பதிவு கட்டாயமாகும் வரம்புக்குக் கீழே இருந்தாலும் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தர மாட்டோம் என்றதால் பதிவு எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, செய்தித்தாள் விளம்பரத்துக்கு 5 சதவீதம், எங்களுக்கு 18. அச்சு ஊடகத்துக்கான சலுகையில் வணிக டைரக்டரி, மஞ்சள் பக்கங்கள், வணிகக் கேட்டலாக் ஆகியவை சேராது என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இன்றும் யாராவது அச்சில் டைரக்டரி போட நினைத்தால் விலை வைக்கும் முன் இதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். 5 என்று நினைத்து விலை சொன்னால் மீதி 13 நம் பையிலிருந்து போகும்.

1966-இல் பிரைட்டனில் தொடங்கிய பிரிட்டனின் யெல்லோ பேஜஸ், 2019 ஜனவரியோடு அச்சை நிறுத்திய செய்தியைப் படித்தபோதே எனக்கு உள்ளுக்குள் விளங்கிவிட்டது. இருந்தாலும் 2020-க்கு ஒரு பதிப்பு திட்டமிட்டிருந்தேன். பேப்பர் வாங்கியாச்சு, பிளேட் போட்டாச்சு, பாதிப் பக்கங்கள் அச்சாகிவிட்டன. மார்ச்சில் ஊரடங்கு. விளம்பரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த கல்யாண மண்டபக்காரர்கள், சமையல் மாஸ்டர்கள், பந்தல்காரர்கள் எல்லாருக்கும் வருமானமே நின்றுவிட்டது. அவர்களிடம் மீதிப் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்ததையும் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பதிப்பு வெளிவரவே இல்லை. அதில் போனது 2,30,000 ரூபாய். ஜிஎஸ்டி பதிவையும் ஒப்படைத்துவிட்டேன். தம்பி சென்னையிலிருந்து, "மூடிட்டு இங்க வந்துருக்கா" என்றான். எனக்கு மூட மனசில்லை. இத்தனை வருஷத்துத் தொடர்பு, இத்தனை கடைகளின் விவரம் கையில் இருக்கிறது, இதை வேறு வடிவத்தில் கொண்டு போகலாம் என்று உறுதியாக நம்பினேன். இப்போதும் அது சரியான நம்பிக்கைதான்.

அந்த நேரத்தில்தான் பெருநகரத்திலிருந்து ஒரு டிஜிட்டல் ஏஜென்சி என்னைத் தேடி வந்தது. டைரக்டரி பெயரில் வெப்சைட், ஆப் செய்து தருவார்கள். அதற்கு 1,50,000, ஜிஎஸ்டியோடு 1,77,000. அப்புறம் ஒவ்வொரு கடைக்கும் கூகுள் ப்ரொஃபைல் (கூகுளில் தேடினால் கடையின் பெயர், நம்பர், நேரம் தெரியும் பக்கம்), கூகுள் விளம்பரம், ஃபேஸ்புக் விளம்பரம் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். கடைக்காரரிடம் நான் மாதம் 2,500 வாங்கி, அதில் 1,800 அவர்களுக்கு அனுப்ப வேண்டும். விளம்பரத்துக்கு ஆகும் செலவு அந்த 1,800-க்குள் அடக்கம். கேட்க நன்றாக இருந்தது. பழைய விளம்பரதாரர்களிடம் போனேன். "நீ சொன்னா சரிம்மா" என்ற ஒரே வார்த்தையில் 42 கடைகள் சேர்ந்தன. மூன்று மாதப் பணத்தை மொத்தமாக வாங்கினேன், 3,15,000. அதில் ஏஜென்சியின் பங்கான 2,26,800 உடனே போனது. வெப்சைட் பணம் அதற்கு முன்பே போய்விட்டது.

இங்கே நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். "விளம்பரச் செலவு உள்ளடக்கம்" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது, எவ்வளவு அவர்கள் கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதுமட்டும் போதாது. அந்தத் தளம் கொடுக்கும் பில்லை மாதாமாதம் பார்க்க வேண்டும். ஏஜென்சி அடித்துக் கொடுக்கும் பிடிஎஃப் பில் கணக்காகாது. 1,800 ரூபாயில் எங்கள் கடைகளுக்காக உண்மையில் எவ்வளவு செலவானது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கணக்கைக் கண்ணில் காட்டவே இல்லை.

முதல் மாத ரிப்போர்ட் அழகாக வந்தது. வண்ண வண்ணக் கோடுகள், ஆயிரக்கணக்கில் பார்வைகள், நூற்றுக்கணக்கில் கிளிக்குகள். எடுத்துக்கொண்டு போய்க் கடைகளில் காட்டினேன். இரண்டாவது மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்தும் அண்ணன் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, "ஏம்மா, ரிப்போர்ட்ல இத்தனை பேரு பாத்தாங்கன்னு போட்டிருக்கு. ராத்திரி இலைய எண்ணுனா ஒண்ணுகூடக் கூடலையே" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிரவு தூக்கமில்லை. ஏஜென்சியிடம் விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். அது தங்கள் கம்பெனி ரகசியம் என்றார்கள். மறுபடி மறுபடி கேட்டேன். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஒரு தம்பி, மனசு கேட்காமல், ஒரு மீட்டிங்கின்போது திரையைப் பகிர்ந்து, மக்கள் என்ன தேடியபோது எங்கள் விளம்பரம் வந்தது என்ற பட்டியலைக் காட்டினான்.

அதைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். மெஸ்ஸுக்கு ஏஜென்சி தேடுசொல்லாகக் கொடுத்த வார்த்தைகள் செட்டிநாடு ஓட்டல், செட்டிநாடு சாப்பாடு என்பன. தேடியவர்களோ செட்டிநாடு சிக்கன் செய்வது எப்படி, வேளச்சேரியில் செட்டிநாடு ஓட்டல், செட்டிநாடு மசாலா விலை என்று தேடியிருக்கிறார்கள். சிமெண்ட் விலை தேடியவர் இருந்தார். சென்னைக்குப் பக்கத்தில் இதே பெயரில் உள்ள மருத்துவமனையில் டாக்டர் நேரம் தேடியவர் இருந்தார். எங்கள் பகுதியின் பெயர் உலகமெல்லாம் மெனு கார்டில் இருக்கிறது, கம்பெனிப் பெயர்களிலும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விளம்பரம் போட்டால் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பசியோடு இறங்குகிறவருக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு மட்டும் போகும்.

காரணம் மூன்று இடத்தில் இருந்தது. கூகுள் விளம்பரத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்புதான் முதலிலேயே தேர்வாகி இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நாம்தான் மாற்ற வேண்டும். ஏஜென்சி மாற்றவில்லை. இரண்டாவது, நாம் கொடுக்கும் தேடுசொல்லை அகலமாக எடுத்துக்கொள்ளும் முறை. அதைக் குறுக்க வேண்டும், செய்முறை, மசாலா, சிமெண்ட், ஆஸ்பத்திரி போன்ற சொற்களை வேண்டாத சொற்கள் பட்டியலில் போட வேண்டும். போடவில்லை. மூன்றாவது, தேடல் விளம்பரத்தோடு டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற பெட்டியும் டிக் ஆகியே இருக்கும். அதை எடுக்காவிட்டால் விளம்பரம் வேறு வெப்சைட்களிலும் மொபைல் ஆப்களிலும் வரும். குழந்தைகள் விளையாடும்போது கைபட்டுத் திறந்தாலும் நமக்கு அது ஒரு கிளிக். இந்த மூன்றையும் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். கணக்கைத் திறந்து காட்டச் சொல்லி, இந்த மூன்று இடத்தில் விரலை வைத்துக் கேட்டாலே போதும். மாதாமாதம் தேடுசொல் பட்டியலை வாங்குங்கள். பார்வை எண்ணிக்கையை வைத்து இலை போட முடியாது.

ஆனால் அதே பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தபோது எனக்கு இன்னொன்று தெரிந்தது. இந்த அனுபவத்திலேயே எனக்கு மிக உதவியது அதுதான். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவருக்கும், பழைய வீடுகளுக்கு ஓடு, பூச்சு வேலை எடுத்துச் செய்பவருக்கும் அந்த "ஆர்வம் காட்டுகிறவர்கள்" அமைப்பு நல்ல வேலை செய்திருந்தது. அவர்களுக்கு வந்த அழைப்புகளெல்லாம் சென்னை, பெங்களூரிலிருந்து. ஏனென்றால் அவர்கள் வாடிக்கையாளர் இங்கே இல்லை, எப்போதும் இருந்ததுமில்லை. கண்ணாடியின்மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்ட்டும் போட்டுக் கையாலேயே செய்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் அந்த டைல்ஸை ஊர்க்காரர்கள் எத்தனை பேர் வாங்குவார்கள்? வெளியூரில் வீடு கட்டுகிறவர்களும் ஆர்க்கிடெக்டுகளும்தான் கேட்பார்கள். அப்பா காலத்தில் மடியில் புத்தகத்தோடு சென்னையிலிருந்து போன் செய்தார்களே, அதே ஆட்கள்தான் இப்போது போனில் தேடுகிறார்கள். மெஸ், மெடிக்கல், ஆட்டோ, டூ வீலர் மெக்கானிக் இவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றளவு போதும். பந்தல், சமையல், மண்டபம், வீட்டுப் பராமரிப்பு, டைல்ஸ், பலகாரம் இவர்களுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரர்கள்தான் முக்கியம். 42 கடைக்கும் ஒரே அமைப்பைப் போட்டது ஏஜென்சிக்கு வசதி. எங்கள் ஊரை அறிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். டைரக்டரி நடத்தியவர்களிடம் இருக்கும் உண்மையான சொத்து இந்த அறிவுதான். எந்தக் கடைக்கு யார், எங்கிருந்து, எந்த மாதத்தில் போன் செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு டிஜிட்டலுக்குப் போகக் கூடாது.

நான் விலகுகிறேன் என்றதும் அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். ஒரு வருஷம் விலக முடியாது, விலகினால் மீதி மாதங்களின் பணத்தைக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய அடி, கடைகளின் கூகுள் ப்ரொஃபைல்கள் எல்லாம் ஏஜென்சியின் ஜிமெயிலில் முதன்மை உரிமையாளராகப் பதிவாகி இருந்தன. கடைக்காரர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. பணம் நின்றதும் சில கடைகளின் போன் நம்பரை மாற்றி, ஏஜென்சியின் நம்பரைப் போட்டுவிட்டார்கள். தேவகோட்டையில் ஒரு சமையல் மாஸ்டருக்கு வைகாசி முகூர்த்த நேரத்தில் வர வேண்டிய அழைப்புகள் யாரிடமோ போயின. அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, என் பொழப்பே அந்த நம்பர்ல இருக்கு" என்றபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அந்த மாதங்களில் கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் போவதையே தவிர்த்தேன். கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவர் உடம்பு தாங்காது என்று எதையும் சொல்லவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து, வாங்கிய பணத்தையும் கொடுத்த பணத்தையும் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

ப்ரொஃபைலைத் திரும்பப் பெற வழி உண்டு என்பதை நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கடையின் உரிமை கடைக்காரருக்கே என்பது கூகுளின் விதியிலேயே இருக்கிறது. கடைக்காரர் தன் ஜிமெயிலிலிருந்து உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் பல சமயம் நாமே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வழி திறக்கும். மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் தெரு, கடைப் போர்டு, உள்ளே நாம்தான் நடத்துகிறோம் என்பதற்கான அடையாளம் எல்லாம் ஒரே தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். கடைப் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவதையும் கல்லாவையும் காட்டலாம். போர்டில் இருக்கும் பெயரும் ப்ரொஃபைலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஜென்சி பல கடைகளின் பெயரோடு "காரைக்குடியில் சிறந்த" என்பதுபோல் ஒட்டி வைத்திருந்தது. அது விதிக்கு மாறானது. முதலில் அதை எடுத்தோம். கடையே இல்லாமல் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன், சமையல் மாஸ்டர் போன்றவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, வேலை செய்யும் பகுதியை மட்டும் போட வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நானே போய் உட்கார்ந்து, அவர்கள் போனிலேயே செய்தேன். உரிமை கிடைத்ததும் எல்லாவற்றையும் உடனே மாற்றிவிட முடியாது, புதிதாகச் சேரும் உரிமையாளர் 7 நாள் காத்திருந்த பிறகுதான் சில மாற்றங்களைச் செய்ய முடியும். அதற்குள் பதறாதீர்கள். பெரும்பாலான கடைகள் திரும்பக் கிடைத்தன. சிலவற்றைக் கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டி வந்தது. அந்தக் கடைகள் வருஷக்கணக்காகச் சேர்த்த வாடிக்கையாளர் கருத்துகள் பழையதோடு போய்விட்டன.

வெப்சைட்டைத் திரும்பப் பெறவே முடியவில்லை. வெப்சைட்டின் முகவரியான டொமைன் பெயரை அவர்கள் தங்கள் கணக்கில் பதிவு செய்திருந்தார்கள். அப்பா வைத்த பெயர் இன்றைக்கு இன்னொருவர் கையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது. ஒரு டொமைன் பதிவு செய்ய வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆகும், பத்து நிமிஷ வேலை. ஏஜென்சியோடு பேச உட்காரும் முன்பே உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் அதை வாங்கிவிடுங்கள். வக்கீலைப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் எந்தத் தகராறும் அவர்கள் நகரத்து நீதிமன்றத்தில் மட்டுமே என்று ஒரு வரி இருந்தது. அங்கே போய் வழக்கு நடத்தும் செலவு கேட்கும் பணத்தில் பாதியைத் தின்றுவிடும் என்று வக்கீலே சொன்னார். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு நம் ஊர் நீதிமன்றத்தை எழுதச் சொல்லுங்கள், முடியாது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சிக்குப் போனது 1,77,000-ம் 2,26,800-ம் சேர்த்து 4,03,800. கடைக்காரர்களுக்கு நான் திருப்பிக் கொடுத்தது 1,90,000. எல்லோரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும், கேட்கத் தயங்கி நின்றவர்களுக்கும் கொடுத்தேன். வாங்கிய 3,15,000-ஐக் கழித்தால் என் கையிலிருந்து போனது 2,78,800. அச்சில் போனதையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போய், சங்கிலி மட்டும் மீண்டது. டைல்ஸ் பட்டறைக்காரர் பணத்தை வாங்க மறுத்துவிட்டு, "அடுத்து நீயே பண்ணும்மா, நான் தர்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் மறுபடி எழுந்தேன்.

இப்போது நான் செய்கிற முறை இது. ப்ரொஃபைல் கடைக்காரரின் ஜிமெயிலில், அவர்தான் உரிமையாளர், நான் மேனேஜர் மட்டும். என்னைப் பிடிக்கவில்லை என்றால் போனில் ஒரே தட்டலில் எடுத்துவிடலாம். விளம்பரக் கணக்கும் அவருடையது, பணம் அவருடைய கணக்கிலிருந்து நேராகத் தளத்துக்குப் போகும், 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். என் கூலி தனி, மாதம் 600 ரூபாய். நிறையக் கடைகளுக்கு விளம்பரமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நேரம், நம்பர், நல்ல போட்டோ, விடுமுறை நாள் இவை சரியாக இருந்தாலே அவர்களுக்கு அழைப்பு வருகிறது, அதற்குத் தளத்துக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். முன்பு மாமா டிவிஎஸ் 50-யில் போனதுபோல் நான் ஸ்கூட்டியில் போகிறேன். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதித் தேடுகிறார்கள், கானாடுகாத்தானுக்கு எத்தனை விதம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அத்தனையையும் தேடுசொல்லில் சேர்க்கிறேன். பந்தலுக்கும் சமையலுக்கும் மார்கழியில் விளம்பரம் ஓடும், ஏனென்றால் தை முகூர்த்தத்துக்கு அப்போதுதான் பேசுவார்கள். ஆடி தொடங்கும் முன்பே ஆவணிக்குத் தயாராக வேண்டும். பலகாரக் கடைக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு போதும். மற்ற மாதங்களில் நிறுத்திவிடுவோம். வருஷம் முழுக்க ஒரே தொகையை மாதாமாதம் வாங்குவது எங்கள் ஊர்த் தொழில்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பழைய டைரக்டரி நம்பர்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஏற்றி மொத்தமாக மெசேஜ் அனுப்பலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரே மெசேஜைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட், நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். தெரியாதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் அவர்கள் புகார் செய்வார்கள், நம்பரே முடங்கலாம். கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிய நம்பருக்குத் தானே அனுப்புவதுதான் முறை. அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசமாகவே போதும்.

அச்சையும் முழுவதுமாக விடவில்லை. வயதான ஆச்சிகள் பலர் இன்றும் போனில் தேட மாட்டார்கள், கையில் ஒரு தாள் இருந்தால் நம்பரைப் பார்த்து அடிப்பார்கள். அதனால் ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில், பந்தல், சமையல், பிளம்பர், வேன், டாக்டர் நம்பர்கள் மட்டும் போட்டு, ஊரிலேயே அடித்து, கல்யாண வீடுகளிலும் படைப்பு வீடுகளிலும் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடிக்கும் முன் எல்லா நம்பருக்கும் போன் போட்டுப் பார்த்துவிடுவேன். இந்தத் தாளில் இடம்பெறத் தனிக் காசு கிடையாது, மாதம் கொடுக்கும் 600-இலேயே அதுவும் அடக்கம்.